ஐஸ் ஹொக்கி 'திறன் மதிப்பீடு' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: யாழ்ப்பாணப் பெற்றோருக்கு எச்சரிக்கை

ஹொக்கி, உதைபந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டி என்று ஏதாவது ஒன்றில் பெயரெடுக்கும் பதின்ம வயதுப் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இதை முழுவதுமாக வாசியுங்கள். கனடாவில் ஐஸ் ஹொக்கி வீரராக வரக்கூடிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து மதிப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு நிறுவனம் யாழ்ப்பாணத்தில் பணம் வாங்கியிருக்கிறது. என் அக்கா குடும்பம் அதில் ஆறு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாயை இழந்திருக்கிறது. வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் வேறு சில குடும்பங்களும் இதையே சொல்கின்றன. இப்போது அதே துண்டுப்பிரசுரம் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடியும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது. பாடசாலை ஹொக்கி அணியில் நடுக்களத்தில் விளையாடுபவன். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. நகரில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் 'திறன் காண் முகாம்' என்று அழைத்தார்கள். பதிவுக் கட்டணம் பதினைந்தாயிரம். பிள்ளைகளைக் குறுந்தூரம் ஓடவிட்டார்கள். நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டை மாட்டிச் சீமெந்துத் தரையில் நடக்கவிட்டார்கள். பிளாஸ்டிக் மட்டையால் ஒரு றப்பர் பந்தைக் கூம்புகளுக்கு இடையில் தட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். பிறகு பெற்றோரை ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள்.

"அக்கா, இந்தக் கால் வேகத்தை நான் கொழும்பில்கூடப் பார்க்கவில்லை. தம்பியை இங்கே வைத்து வீணாக்காதீர்கள்" என்று முகாமை நடத்திய மனிதர் சொன்னார். விரிவான மதிப்பீட்டு அறிக்கைக்கு எழுபத்தையாயிரம் கேட்டார். அறிக்கை வந்ததும், "இப்படிப்பட்ட புள்ளிகளுக்குக் கனடாவில் பாடசாலையோடு இணைந்த ஹொக்கி அக்கடமியில் இடம் உறுதி, ஆனால் இந்த மாதத்துக்குள் ஒதுக்கிவிட வேண்டும்" என்று ஆறு இலட்சம் கேட்டார். அக்கா தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை வங்கியில் அடைவு வைத்துக் கட்டினார்.

அந்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றின் முழு உடலும் அதற்குள்தான் இருக்கிறது. வழுவழுப்பான தாளில், வண்ண வரைபடங்களோடு, ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஸ்கேட்டிங் 82, பக் (ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் றப்பர் வட்டு) கட்டுப்பாடு 79, ஆட்ட அறிவு 85. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில், தொழில்முறை வீரராகும் வாய்ப்பு 88 சதவீதம். இந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் பனித்தளத்தில் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை. யாழ்ப்பாணத்தில் பனித்தளமே கிடையாது. 'பின்னோக்கிச் சறுக்குவதில் சிறப்பான நிலைத்தன்மை' என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு முழுப் பந்தி எழுதியிருக்கிறார்கள்.

அதே பந்தியில், 'இடது பக்க மட்டையால் வலிமையான ஷாட்' என்றும் இருந்தது. இதைக் கண்டவுடன் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் தாளை மேசையில் வைத்துவிட்டார். ஐஸ் ஹொக்கியில் இடக்கை மட்டையும் உண்டு, வலக்கை மட்டையும் உண்டு. நம் பிள்ளைகள் புல்லிலும் செயற்கைத் தரையிலும் விளையாடும் ஹொக்கியில் மட்டையின் ஒரு பக்கம் மட்டுமே தட்டை, அந்தப் பக்கத்தால் மட்டுமே பந்தை அடிக்கலாம், எல்லோரும் வலக்கைப் பிடியில்தான் விளையாடியாக வேண்டும். இடக்கை மட்டைக்கு விதியில் இடமே இல்லை. அப்படியிருக்க, இவனுடைய இடது பக்க ஷாட்டை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? பிறகு சாவகச்சேரியில் இன்னொரு பிள்ளையின் அறிக்கை கைக்குக் கிடைத்தது. அவன் ஹொக்கி மட்டையையே தொடாத ஓட்டவீரன். ஒன்பதாம் பக்கத்தில் அதே பந்தி, ஒரு சொல் பிசகாமல். பெயர் மட்டும் வேறு.

கனடாவில் ஸ்கார்பரோவில் என் ஒன்றுவிட்ட அண்ணன் இருக்கிறார். தன் மகனை விடியுமுன்னரே பனித்தளத்துக்குக் கூட்டிச்சென்று காத்திருந்தே பல குளிர்காலங்களைக் கழித்தவர். அறிக்கையைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் கோபத்தோடுதான் பேசினார், ஆனால் உண்மையான மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடி உறுதிசெய்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இது தெரிந்தால் இன்னொரு வீடு தப்பும்.

அங்கே ஒரு பிள்ளையைப் பார்க்க வருபவர் முதலில் பார்ப்பது ஸ்கேட்டிங்கை. நேராக எவ்வளவு வேகமாகப் போகிறான் என்பது அதில் ஒரு சிறு பகுதிதான். ஸ்கேட்டின் அடியில் உள்ள இரும்பு அலகுக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு உண்டு. அவற்றில் உடலைச் சாய்த்து வளைவது, வேகம் குறையாமல் முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்குத் திரும்புவது, இரண்டு மூன்று அடிகளில் வேகமெடுப்பது, சட்டென நிற்பது, இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஸ்கேட்டிங். நான்கு சக்கர ரோலர் ஸ்கேட்டுக்கு அப்படி விளிம்பே இல்லை. சீமெந்துத் தரையில் அதை மாட்டிவிட்டு ஐஸ் ஸ்கேட்டிங்குக்குப் புள்ளி போடுவது, வயலில் ஓடவிட்டு நீச்சலுக்குப் புள்ளி போடுவதைப் போன்றது. கனடாவில் நாலைந்து வயதில் பனியில் இறங்கும் பிள்ளைகள் ஏராளம். பதினைந்து வயதில் அவர்களுக்குப் பின்னால் பத்து வருடப் பழக்கம் இருக்கிறது. அந்த இடைவெளியைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை.

அடுத்ததாக அவர்கள் தேடுவது ஆட்ட அறிவை. இது எந்தக் கூம்புப் பயிற்சியிலும் தெரியாது. பக் தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்க்கிறானா, பக் இல்லாத நேரத்தில் எங்கே போய் நிற்கிறான், பக்கை இழந்த பிறகு திரும்பி ஓடி வருகிறானா, நெருக்கடியில் அவசரப்படுகிறானா என்று போட்டிக்குள் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஒரு போட்டியோடு முடிவெடுப்பதில்லை. பலமான அணிக்கு எதிராக, பலவீனமான அணிக்கு எதிராக, சொந்த ஊரில், வெளியூரில் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் போய்ச் சரிபார்ப்பார். பயிற்றுநர்களிடம் அவனைப் பற்றி விசாரிப்பார்கள்.

வளர்ச்சியையும் கணக்கில் எடுக்க வேண்டும். பதினைந்து வயதில் ஒருவன் மீசையோடு நிற்பான், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. இன்று முன்னால் நிற்பவன் மூன்று வருடங்களில் பின்தங்கலாம். கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் திகதியை வைத்துக் கணக்கிடப்படுவதால், ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகள் சில மாத வளர்ச்சியின் பலத்திலேயே அதிகமாகத் தெரிவாகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள். நல்ல மதிப்பீட்டாளர் பிறந்த மாதத்தையும் பார்ப்பார். எங்கள் அறிக்கையில் பிறந்த திகதியே பிழை.

இனி அந்த 88 சதவீதம். வட அமெரிக்காவின் என்எச்எல் என்ற தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்ட் ஆண்டுக்கு ஒருமுறை, ஏழு சுற்றுகளாக நடக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்து 224 பேர். அந்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் திகதிக்குள் 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் ஒன்ராறியோ போன்ற இடங்களில் ஜூனியர் லீக்குகள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தெரிவு செய்கின்றன. அந்தத் தெரிவில் வருகிறவர்களிலும் பெரும்பாலானோர் என்எச்எல் பனியில் கால் வைப்பதில்லை. டிராஃப்ட்டுக்காகவே 1975 முதல் இயங்கிவரும் என்எச்எல் மத்திய ஸ்கௌட்டிங் (வீரர் தேடல்) பிரிவு பருவத் தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துத் தரம்தான் போடுகிறது. முதல் சுற்றில் போகக்கூடியவர், அடுத்த சுற்றுகளில் போகக்கூடியவர் என்ற அளவுக்குத்தான் அதற்குப் பொருள். பிறகு வட அமெரிக்க வீரர்கள், பிற நாட்டு வீரர்கள், இருபக்கத்துக் கோல்காப்பாளர்கள் என்று நான்கு தனித்தனிப் பட்டியல்களை வெளியிடுகிறது. தெரிந்தெடுத்து அழைத்தவர்களை மட்டும் பஃபலோ நகரில் கூட்டி உடல்வலு, பாய்ச்சல், ஒட்சிசன் கொள்ளளவு ஆகியவற்றைச் சோதித்து, அணிகளோடு நேர்காணலும் நடத்துகிறார்கள். அந்த உடற்சோதனையில் யாரும் ஸ்கேட் மாட்டுவதில்லை, ஏனென்றால் அந்தப் பிள்ளைகளைப் பனியில் ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டார்கள்.

இவ்வளவு செய்தும் அவர்களுக்கே கணிப்புப் பிழையாகிறது. 1993இல் முதலாவதாகத் தெரிவானவர் அலெக்சாண்டர் டேக். எதிர்பார்த்த உயரத்தை அவர் ஒருபோதும் தொடவில்லை. இரண்டாவதாகப் போன கிறிஸ் புரோங்கர் ஹொக்கி புகழ்க் கூடத்தில் இடம்பெற்றார். பாவெல் டட்சியுக் 1998இல் 171ஆவதாகவும், ஹென்றிக் செட்டர்பெர்க் 1999இல் 210ஆவதாகவும்தான் தெரிவானார்கள். 2008இல் டெட்ராய்ட் அணி என்எச்எல் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அணியின் தூண்களாக நின்றவர்கள் இந்த இருவரும். மார்ட்டின் சென் லூயியை டிராஃப்ட்டில் யாருமே எடுக்கவில்லை. அவரும் புகழ்க் கூடத்தில் இருக்கிறார். வாழ்நாள் முழுவதையும் இதற்கே கொடுத்தவர்களே இப்படித் தடுமாறும் ஒரு காரியத்தில், மண்டபத்தில் ஒரு காலைப்பொழுது பார்த்துவிட்டு ஒரு பிள்ளைக்கு 88 சதவீதம் என்று எழுதிக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பணம் பற்றியும் அண்ணன் தெளிவாகச் சொன்னார். கனடாவிலும் பெற்றோர் காசு கட்டிப் பிள்ளைகளை அனுப்பும் பயிற்சி முகாம்கள் நிறைய உண்டு, அவை பயிற்சிக்கான கட்டணம். ஆனால் ஓர் அணிக்காக வீரரைத் தேடி வருபவருக்குச் சம்பளம் அந்த அணியிடமிருந்து வருகிறது. அவர் பிள்ளையின் வீட்டில் ஒரு சதமும் கேட்பதில்லை.

ஆறு இலட்சத்துக்குப் பதிலாக அக்காவுக்குக் கிடைத்தது ஒரு பாடசாலையின் அனுமதிக் கடிதம். அண்ணன் அந்தப் பாடசாலையைத் தொலைபேசியில் அழைத்தார். அப்படியொரு கடிதம் தாங்கள் கொடுக்கவில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடிதத்தோடு விசாவுக்கு விண்ணப்பித்திருந்தால், பொய் ஆவணம் கொடுத்த பெயர் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கும். நல்லவேளை, விண்ணப்பம் போகவில்லை. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியாகக் கனடாவுக்குப் படிக்கப் போவதென்றால் அங்கே பொறுப்பேற்கும் பாதுகாவலர் ஒருவரின் சான்றுறுதி செய்யப்பட்ட பத்திரமும் வேண்டும். அதைப் பற்றி நிறுவனத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

நிறுவனத்தின் கந்தோருக்குப் போனோம். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். பற்றுச்சீட்டில் 'ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படாது' என்று சிறிய ஆங்கில எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அனுமதிக் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும், அதைக் கனடாவிலுள்ள கூட்டாளிதான் பார்த்தார் என்றார்கள். கூட்டாளியின் பெயரைச் சொல்லவில்லை. அதன் பிறகு தொலைபேசிக்குப் பதில் இல்லை. இப்போது கந்தோர் பூட்டிக் கிடக்கிறது.

எங்கள் பிள்ளை நல்ல ஹொக்கி வீரன். அது உண்மை, அவனுடைய ஆசிரியரும் அதைத்தான் சொல்கிறார். அந்த உண்மையின் மேல்தான் இவர்கள் பொய்யைக் கட்டினார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. கனடா போகப்போகிறவன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு, இப்போது அவன் அணிப் பயிற்சிக்கே போகாமல் இருக்கிறான். அக்காவின் நகையை அவன்தான் பறித்துவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு. இந்தப் பதிவை அவனும் வாசிப்பான். தம்பி, உன்மேல் ஒரு பிழையும் இல்லை.

பெற்றோர்களே, இப்படி யாராவது வந்தால் சில விடயங்களை அந்த இடத்திலேயே கேளுங்கள். பிள்ளையை எந்தப் போட்டியில், எத்தனை முறை பார்த்தீர்கள்? மதிப்பிட்டவர் யார், எந்த அணியில் வேலை செய்தார்? அந்த அணியின் அதிகாரபூர்வ முகவரியிலிருந்து ஒரு கடிதம் வருமா? கனடாக் குடிவரவு பற்றிப் பணம் வாங்கி ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் பெற்ற சட்டத்தரணிகள், அந்நாட்டின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவர்கள் போன்றோருக்குத்தான் அனுமதி. அந்தக் கல்லூரியின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், பெயரைக் கேட்டுத் தேடுங்கள். அனுமதிக் கடிதம் தந்தால் பாடசாலையின் இணையத்தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள், கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொன்னால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் தயவுசெய்து வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். நாங்கள் பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். பற்றுச்சீட்டு, வங்கியில் வைப்பிட்ட சீட்டு, அவர்கள் அனுப்பிய குரல்பதிவுகள், எதையும் அழிக்காதீர்கள். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் நீங்களும் தனித்தனியாக முறைப்பாடு கொடுத்து, அதன் இலக்கத்தை எனக்குத் தெரிவியுங்கள். கூடவே உங்கள் பிள்ளையின் அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அந்த ஒரே பந்தி எத்தனை பிள்ளைகளுக்கு விற்கப்பட்டிருக்கிறது என்பதைக் கோப்பில் வைக்க எங்கள் சட்டத்தரணி கேட்டிருக்கிறார்.