தனுஷ்கோடியில் கைட்சர்ஃபிங்: ஆழமில்லாத கடலில் கருவிகள் படும் பாடு

கைட்சர்ஃபிங் என்றால் பெரிய பட்டம் (கைட்) இழுக்க, பலகையில் (போர்டு) நின்று தண்ணீர்மேல் சறுக்குவது. இங்கே ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் அலை புரளும். அதே காற்று மணல்திட்டைத் தாண்டி வடக்கே பாக் விரிகுடாவில் இறங்கினால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கரையோரத்தில் ஆழம் முழங்காலிலிருந்து இடுப்பு வரைதான். பழகுபவர்களுக்கு வசதி, கருவிகளுக்குத்தான் சோதனை.

முதலில் அடிவாங்குவது ஃபின், அதாவது போர்டின் அடியில் திருகியிருக்கும் சிறு தகடு. 5 செ.மீ. ஃபின் மணல்மேட்டில் தட்டினால் திருகு பூட்டிய இடத்திலேயே போர்டு விரிசல் விடும். 3 செ.மீ. போட்டால் காற்றை எதிர்த்து ஏறுவது கொஞ்சம் சிரமம். இருந்தாலும் இங்கே அதுதான் சரி. 85 செ.மீ. மாஸ்ட் (தண்டு) கொண்ட ஃபாயிலை, அதாவது போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் அடிச்சிறகை, கரையோரம் எடுக்கவே வேண்டாம்.

கைட் காற்றில் நிற்காமல் பின்பக்கமாகச் சரிகிறதா? துணி போய்விட்டது என்று பாதி விலைக்கு விற்றுவிடாதீர்கள். பெரும்பாலும் குற்றம் லைனில், அதாவது கைட்டையும் கையில் பிடிக்கும் கம்பியான பாரையும் இணைக்கும் நான்கு கயிறுகளில். இழுவையில் பெரும்பங்கு நடு லைன்கள் இரண்டின் மேல் விழுவதால், நாளாக நாளாக அவை நீளும். ஓர லைன்கள் குட்டையானது போல ஆகிவிடும். நான்கு நுனிகளையும் ஒரே கொக்கியில் மாட்டுங்கள். டிரிம்மை (நடு லைன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) முழுதாகத் தளர்த்தி, பாரை உடம்புப் பக்கம் இழுங்கள். பார் நேராக நின்று, நான்கும் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். 2, 3 செ.மீ. வித்தியாசமே கைட்டைக் கெடுத்துவிடும். கைட்டின் ஓரத்தில் இருக்கும் முடிச்சை ஒன்று தள்ளி மாட்டி ஓர லைனை நீட்டினால் தீர்ந்தது.

பாரின் நடு ஓட்டையில் ஓடும் கயிற்றை மணல் அறுக்கும். உறை வெடித்ததும் மாற்றிவிடுங்கள், அறுந்தபின் அல்ல. குவிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டைச் சட்டென விடுவிக்கும் பூட்டை) நல்ல தண்ணீரில் அலசி, விடுவித்துப் பார்த்துப் பூட்டுங்கள். கிரீஸ் தடவினால் மணல் இன்னும் ஒட்டும்.

திட்டில் நிழல் கிடையாது. 12 சதுர மீட்டர் கைட்டின் குழாய்களில் 6, 7 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடித்து மதிய வெயிலில் போட்டால் உள்காற்று விரியும், வால்வைச் சுற்றிய பசை இளகும். சாப்பிடப் போகுமுன் காற்றை இறக்கிச் சுருட்டிவிட வேண்டும்.

கால் தரையில் எட்டுகிறது என்ற தைரியம் மட்டும் ஆகாது. வடக்குப் பக்கத்தில் இந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. விழுந்த கைட் எழாவிட்டால் ஆழத்துக்குத்தான் தள்ளும், அப்பால் இலங்கைக் கடல் எல்லை. மீட்புப் படகு இல்லாத நாளில் இறங்க வேண்டாம். இடுப்பளவுத் தண்ணீரில் குதித்துப் பழகவும் வேண்டாம். விழும்போது தரை தட்டி முதலில் உடைவது கணுக்கால். நடக்கையில் பாதத்தைத் தூக்காமல் தேய்த்தே போங்கள், திருக்கை இருந்தால் விலகிக்கொள்ளும். வாடைக்காற்று மாதங்களில் எல்லாம் தலைகீழ்: தெற்குப் பக்கம் தட்டையாகும், காற்று அங்கிருந்து கடலுக்குள் தள்ளும்.