ஐம்பதுக்கு மேல் வயலின்: சம்மணமிட்டா, நாற்காலியிலா?

ஐம்பத்திரண்டு வயதில் வயலின் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது யாரும் தடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "எந்த ரூம்ல வாசிக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். அப்புறம் இந்த மூன்று வருடத்தில் இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன்: முதல் பதினோரு மாதம் மேற்கத்திய முறை, அதற்குப் பிறகு இன்றுவரை கர்நாடக முறை. நங்கநல்லூர் மெட்ரோவில் தோளில் வயலின் பெட்டியோடு நின்றால், என் வயதுக்காரர் யாராவது பக்கத்தில் வந்து, கொஞ்சம் தயங்கி, "சார், இந்த வயசுல வருமா? எதுல சேரலாம்?" என்று கேட்டுவிடுகிறார். முதல் கேள்விக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். இரண்டாவதுக்குத்தான் ரயில் வருவதற்குள் பதில் சொல்ல முடிவதில்லை.

உடம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் முதலில் மேற்கத்திய முறைக்குப் போனதே முட்டிவலியால்தான். கர்நாடக முறையில் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்த்து, அடிப்பாகத்தை இடது நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். ஒரு மணி நேர வகுப்பு முடிந்து எழுந்திருக்கும்போது சுவரைத் தேடுகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. மேற்கத்திய முறையிலோ நின்றுகொண்டு வாசிக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்தும் வாசிக்கலாம். அங்கே இசைக்குழுவில் வயலின்காரர்கள் எல்லாரும் நாற்காலியில்தான் இருக்கிறார்கள். ஆக, முட்டிக்கு மேற்கத்திய முறை என்று நினைத்துச் சேர்ந்தேன், நான்காவது மாதம் தோள் பிடித்துக்கொண்டது. தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வயலினைப் பிடித்து, இடது முழங்கையை உள்பக்கமாகத் திருப்பி, கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். தோள் இறுகிப்போகிற தொந்தரவு ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சரியாக அந்தத் திருப்பம்தான் வலிக்கும். கர்நாடக முறையில் இடது கை தாழ்வாக, உடம்பை ஒட்டி இருக்கிறது, வயலினின் எடையைக் காலும் நெஞ்சும் தாங்கிக்கொள்கின்றன. முட்டியா தோளா, எது அதிகம் வலிக்கிறது என்று முதலில் பாருங்கள். முட்டிக்காவது ஒரு குறுக்கு வழி உண்டு: தரைக்குப் பதில் கெட்டியான திவானில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழுவது பாதி சுலபம். தோளுக்கு அப்படி எதுவும் எனக்கு அகப்படவில்லை.

அடுத்தது விரல். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கர்நாடக முறையில் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. ஸ திறந்த தந்தி, ரி ஆள்காட்டி விரல், க நடுவிரல், ம மோதிர விரல். இந்த ராகத்தில் ரி-யும் க-வும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளி இருப்பவை. முழு அளவு வயலினில் இரண்டு விரலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும், உடனே அடுத்த ம ஒன்றரை சென்டிமீட்டரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழந்தையின் கை இதைக் கேள்வி கேட்காமல் செய்கிறது, முப்பது வருடம் கீபோர்டு தட்டிய கை முறைத்துப் பார்க்கிறது. மேற்கத்திய முறையில் முதல் ஸ்கேல் பெரும்பாலும் நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான். அங்கே ஆள்காட்டி விரல் முன்னால் வந்துவிடுவதால் இடைவெளி 3 சென்டிமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது, கை இயல்பாக விரிகிற அளவு. முதல் மூன்று மாதம் எது சுலபம் என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் மேற்கத்திய முறைதான்.

ஆனால் விரல் நுனிக்கு எது நல்லது என்றால் கணக்கு மாறும். மேற்கத்திய வயலினின் நான்கு தந்திகளுக்கும் ஜி, டி, ஏ, ஈ என்று நிலையான சுருதி. மூன்றாவதான ஏ 440 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே இருக்கிற ஈ கம்பி மாதிரி விறைத்து நிற்கும். நம் முறையில் ஸ-ப-ஸ-ப என்று, பாடுகிறவரின் கட்டைக்கு, அதாவது சுருதி உயரத்துக்கு, ஏற்பச் சேர்த்துக்கொள்கிறோம். இரண்டு கட்டை மாதிரித் தாழ்ந்த சுருதி வைத்தால் தந்தி நன்றாகத் தளர்ந்து, அழுத்துவதற்கும் இழுத்துச் செல்வதற்கும் இணக்கமாக இருக்கும். கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) பிடிக்க விரல் வழுக்க வேண்டும் என்று சிலர் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வதும் உண்டு.

இவ்வளவும் சேர்ந்தாலும் முடிவைத் தீர்மானிப்பது உடம்பு இல்லை, காது என்பதுதான் என் கட்சி. வீணையில் விரல் வைக்கிற இடத்தைக் காட்ட மெட்டு (குறுக்குக் கம்பி) இருக்கிறது, கிதாரிலும் இருக்கிறது. வயலினில் ஒன்றும் இல்லை, வெறும் கறுப்புப் பலகை. மூன்று மில்லிமீட்டர் தள்ளி விரல் வைத்தால் ஸ்வரம் பிசகிவிடும். அது பிசகு என்று உங்களுக்குக் கேட்க வேண்டும், அதுவும் வாத்தியார் இல்லாத வாரத்தின் ஆறு நாளும் கேட்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் காது இனிமேல்தான் வளரும். நமக்கு அது ஏற்கெனவே வளர்ந்துவிட்டது, எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதுதான் கேள்வி. காலையில் ரேடியோ, மார்கழியில் சபா, கல்யாண வீட்டு நாதஸ்வரம், கோயில் என்று ஐம்பது வருடம் ஊறிய காதுக்கு மோகன ராகத்தில் ஒரு ஸ்வரம் தப்பினால், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும், முகம் சுளிக்கத் தெரியும். மேற்கத்திய வகுப்பில் எனக்கு அந்தச் சுளிப்பு வரவே இல்லை. நான் வாசித்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியாமல், பதினோரு மாதமும் டீச்சரின் புருவத்தைப் பார்த்தே வாசித்தேன். இதே காரணத்தால்தான் சாந்தோம் பக்கம் சிறுவயது முதல் சர்ச் கொயரில் பாடிய ஒரு நண்பருக்கு மேற்கத்திய முறையையே சொன்னேன். அவர் காது நாலு குரலையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறது. அவரை மாயாமாளவகௌளையில் கொண்டுபோய் உட்கார வைப்பது அந்த ஐம்பது வருடத்தை வீணடிப்பது. சினிமாப் பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்தவரா நீங்கள்? இரண்டில் எதுவும் ஒத்துவரும், அப்போது முட்டியையும் தோளையும் கேட்டு முடிவெடுங்கள்.

(நம்முடையது, வெளியிலிருந்து வந்தது என்கிற வாதம் இங்கே எடுபடாது. கருவியே கம்பெனிக் காலத்தில் வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், நம் மணலியில் இருந்த நாட்களில் ஐரோப்பிய முறையில் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குத் திருப்பினார். அவருக்கும் ஒரு வாத்தியார் தேவைப்பட்டார் என்பது எனக்கு ஆறுதல்.)

கண் விஷயம் சின்னதுதான், ஆனால் எரிச்சலூட்டும். மேற்கத்திய முறையில் ஐந்து கோட்டில் புள்ளிகளைப் படித்தபடி வாசிக்க வேண்டும். ஸ்டாண்டு நிற்கிற தூரம் படிக்கிற கண்ணாடிக்கு அதிகம், தூரக் கண்ணாடிக்குக் குறைவு. புரோகிரசிவ் கண்ணாடி போட்டால் சரியான இடம் தேடித் தலையை ஆட்ட வேண்டும், தாடையோ வயலினில் மாட்டிக்கொண்டிருக்கும். நம் முறையில் பாடம் நோட்டில் ஸ ரி க ம என்று இருந்தாலும், வாத்தியார் பாடிக் காட்டி, நாமும் பாடி, பிறகு வாசிக்கிறோம். பாடக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது தண்டனை. நான் முதல் இரண்டு மாதம் உதட்டை மட்டும் அசைத்தேன்.

மேற்கத்திய முறைக்கு மனதார ஒரு மதிப்பெண் போடுகிறேன் என்றால் அது பரீட்சைக்குத்தான். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்கிற லண்டன் இசைத் தேர்வு அமைப்புகள் இரண்டிலும் எட்டு கிரேடு, வயது வரம்பு இல்லை. இந்த மாதம் இந்த மூன்று பாட்டு, இந்த ஸ்கேல் என்று கையில் பட்டியல் இருக்கும். அலுவலகத்தில் டார்கெட்டோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு அது ஒரு பிடிமானம். தேர்வு அறைக்கு வெளியே என்னைச் சுற்றி ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு அம்மா என்னிடம் "உங்க பேரனுக்கு எந்த கிரேடு?" என்று கேட்டார். கர்நாடக வகுப்பில் இப்போது ஒரே ஜண்டை வரிசை (ஸ்வரங்கள் இரட்டை இரட்டையாக வருகிற பயிற்சி) ஏழு வாரமாக ஓடுகிறது, எப்போது முடியும் என்று கேட்டால் சார் "முடியறப்ப முடியும்" என்கிறார்.

வாத்தியாரைத் தேடுவது சென்னையில் கஷ்டமில்லை. மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது சுருதிப் பெட்டி கேட்கும். மேற்கத்திய முறைக்கு அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கிற மியூசி மியூசிக்கல் என்கிற இசைக்கருவிக் கடை பலருக்கும் முதல் படி. நேரில் போவதா, ஜூமில் கற்பதா என்பதுதான் வாதம். முதல் ஆறு மாதம் நேரில்தான் என்று அடித்துச் சொல்வேன். வில் பிடிக்கிற வலது மணிக்கட்டை வாத்தியார் தன் கையால் ஒருமுறை தளர்த்திவிட்டால் புரிவதைக் கேமரா வழியாகப் பத்து வாரம் சொன்னாலும் புரியாது. அதற்கப்புறம் மழைக்காலத்தில், அல்லது வாத்தியார் டிசம்பர் கச்சேரிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஜூம் கைகொடுக்கும். ஆனால் ஒன்று, இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, சத்தம் தாமதமாகப் போய்ச் சேரும். ஜூம் நீண்ட வில்லின் ஓசையை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடவும் செய்யும், அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டுக்கொள்ள வேண்டும். யூடியூப் மட்டும் பார்த்துக் கற்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. அது நம்மைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

கருவி இரண்டுக்கும் ஒன்றே, அதனால் மாறினாலும் வயலின் செலவு வீணாகாது. மேற்கத்திய முறைக்கு மட்டும் தோளில் வைக்கிற ஷோல்டர் ரெஸ்ட் கூடுதல். நான் முதலில் இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கினேன். தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் சீவாமல் அப்படியே உயரமாக இருந்ததால் தந்தி மேலே நின்றது, அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போனது, என் வயதுதான் காரணம் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். கடையில் கொடுத்துப் பிரிட்ஜைச் சீவி வாங்கியதும் வயது குறைந்துவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் தந்தியை முறுக்குகிற பிருடை இறுகும், ஏசி அறைக்குக் கொண்டுபோனால் வழுக்கும், அதனால் ஒரே அறையில் வைத்துப் பழகுங்கள். தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்கிற சின்ன மரக்குச்சி விழுந்துவிடலாம்.

இன்னொன்று, ஸ்வரம் சரியா என்று காட்டுகிற, போனில் இருக்கிற ட்யூனர். மேற்கத்திய முறையில் தொடக்கத்தில் அது நல்ல துணை, பச்சை விளக்கு எரிந்தால் ஏறக்குறைய சரி. அதே பழக்கத்தில் சரளி வரிசைக்கும் பச்சை விளக்கைப் பார்த்துக் காந்தாரத்தை, அதாவது க-வை, நிறுத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த கீழ்வீட்டு மாமி, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், உங்க காந்தாரம் தினம் கொஞ்சம் ஏறியே நிக்குது" என்றார். ட்யூனரில் சரியாகத்தானே காட்டுகிறது என்று அடுத்த வகுப்பில் சாரிடம் புகார் போல எடுத்துப் போனேன். அவர் போனை வாங்கி, ட்யூனரை அணைத்துவிட்டுத் தம்புராவைப் போட்டு, "இதுல கேளுங்க" என்றார். தம்புராவின் ஸ தந்தியில் தானாக எழுகிற காந்தாரம், ட்யூனர் காட்டுகிற இடத்தைவிட 14 சென்ட் கீழே இருக்கிறது, அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு. விரலை ஒரு நூல் பின்னால் இழுத்ததும் ஏதோ கதவு தாழ்ப்பாளில் விழுந்த மாதிரிச் சத்தம் உட்கார்ந்தது. மேற்கத்திய முறையில் வாசித்த பதினோரு மாதமும் அதே மொட்டை மாடிக்கு அதே மாமி வந்துகொண்டுதான் இருந்தார், ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.