வராலா, மாசீரா, கெண்டையா? ஒரு காவிரிக்கரைத் தூண்டில்காரனின் கணக்கு

'அயிரையை விட்டு வராலைப் பிடி' என்று பழமொழியே வரால் கட்சிதான். பெண்ணின் கண்ணுக்கு உவமை சொல்லக் கெண்டை வேண்டும், காலின் ஆடுசதைக்குப் பெயர் வைக்கவும் கெண்டை வேண்டும். தூண்டிலில் மாட்டினால் மட்டும் இளப்பம். "என்னங்க, வெறும் கெண்டைதானா?" என்று கரையில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில், கதவணைக்குக் கதவணை தேங்கி நிற்கும் காவிரியில் பல வருஷம் உட்கார்ந்து தேய்ந்தவன் நான். விளையாட்டு என்று பார்த்தால் இந்த மூன்றில் கெண்டைக்குத்தான் என் ஓட்டு.

எந்தக் கெண்டை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிலேபிக் கெண்டை பெயரில் மட்டும்தான் கெண்டை, அது வேறு குடும்பம். நான் சொல்வது வாயோரம் நாலு மீசை வைத்த சாதாக்கெண்டை. அதுவும் நம்மூர் மீன் இல்லை. இதில் ஒரு வகை 1939-இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது, இன்னொன்று 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்தது. சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்குகிறது என்ற புகார் இதன் மேல் உண்டு, அது நியாயமான புகார்தான்.

மாசீரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அழகிலும் பலத்திலும் அதுதான் ராஜா. 1946-இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இன்கென் கபினி ஆற்றில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. ஆனால் காவிரிக்கே உரிய திமில் மாசீர் 2018-இல் 'மிக அருகிவிட்ட இனம்' என்ற பட்டியலுக்குப் போய்விட்டது. ஒகேனக்கலுக்கு மேலே ஆற்றோரக் காடுகளும் இப்போது சரணாலயம்: 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு. ஆசை இருந்தாலும் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை. வேடிக்கை என்னவென்றால், மாசீரும் கெண்டைக் குடும்பம்தான். அதற்கு அந்தக் காலத்திலிருந்தே போட்டுவந்த கேழ்வரகுக் களி உருண்டையைத்தான் நான் இன்றைக்கும் சாதாக்கெண்டைக்குப் போடுகிறேன்.

அப்போ நிஜமான போட்டி வராலுக்கும் கெண்டைக்கும்தான்.

வராலிடம் ஒரு கிளர்ச்சி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். தாமரை இலைமேல் ரப்பர் தவளையைத் தத்தித் தத்தி இழுத்து வரும்போது, இலையைப் பிய்த்துக்கொண்டு 'டமார்' என்று ஒரு அடி அடிக்கும். நெஞ்சு ஒரு நொடி நின்றுவிடும். ஆனால் அந்த நொடிதான் எல்லாமே. அப்புறம் செடிக்குள் புகாமல் முரட்டுத்தனமாக இழுத்துப் போட வேண்டும், இரண்டு நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். அதோடு வரால் குளம், வாய்க்கால், செடி மண்டிய ஓரத் தண்ணீர் என்று வாழ்கிற மீன். ஓடுகிற ஆற்றுக்கும் அதற்கும் அவ்வளவு ஒட்டுதல் இல்லை. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கும் வராலின் தலைமேல் லூரை, அதாவது போலி இரையை, எறிந்து கோபமூட்டிப் பிடிக்கிறார்களே, அதை என்னால் விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. காவல் போனால் குஞ்சுகளை ஜிலேபியும் கெளுத்தியும் காலி செய்துவிடும்.

கெண்டை வேறு ரகம். அது அடிக்காது, யோசிக்கும். வாயைக் குழாய்போல நீட்டி இரையை உறிஞ்சும், சந்தேகம் வந்தால் துப்பும், மறுபடி உறிஞ்சும். அதற்குப் பல் தொண்டைக்குள் இருக்கிறது, உதட்டால்தான் சோதிக்கும். இந்தத் துப்பும் புத்தியை மடக்கத்தான் 1980 வாக்கில் இங்கிலாந்துக்காரர்கள் இரையைத் தூண்டில் முள்ளில் குத்தாமல், முள்ளுக்குக் கீழே மெல்லிய இழையில் தொங்கவிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். நானும் தையல் நூலில் வேகவைத்த மக்காச்சோளம் கோத்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வேலை செய்கிறது. கெண்டைக்குச் சத்தமும் ஆகாது. கரையில் செருப்பு தரதரவென்று இழுபட்டாலே மீன் நகர்ந்துவிடும்.

போன தை மாசம், தண்ணீர் குறைந்து தெளிந்திருந்த ஒரு காலையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்: "தம்பி, தக்கையப் பாக்காதீங்க, குமிழியப் பாருங்க." பார்த்தேன். என் களி கிடந்த இடத்தில் கடுகு கடுகாகக் குமிழி வந்தது, ஒரு முழம் நகர்ந்தது, நின்றது. தக்கை முங்கவில்லை, படுத்துக்கொண்டது. கீழே மீன் ஈயத்தோடு சேர்த்து இரையைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம். சுண்டினேன். ரீல் கதறிக்கொண்டு தூண்டில் நரம்பை விட்டது. கால் மணி நேரம் நீரோட்டத்தின் போக்கிலேயே ஓடியது, திரும்பியது, பாறையோரம் ஒண்டியது. கடைசியில் பொன் நிறப் பக்கவாட்டை ஒரே ஒருமுறை காட்டிவிட்டு அறுத்துக்கொண்டு போயிற்று. நரம்பு முனை சிலும்பியிருந்தது. முதுகுத் துடுப்பின் முன்பக்க முள் ரம்பம்போல இருக்கும், உரசியிருக்க வேண்டும். பெரியவர் பீடி பற்றவைத்துக்கொண்டே சிரித்தார். எந்த வராலும் எனக்கு இப்படிக் கால் மணி நேரம் கொடுத்ததில்லை.

செலவிலும் கெண்டைதான் ஏழைக்கு ஏற்றது. ஒரு ரப்பர் தவளை செடியில் சிக்கி அறுந்தால் போகிற காசுக்கு ஒரு மாசம் களி கிண்டலாம், புண்ணாக்கும் தவிடும் பிசைந்து தூவி மீனுக்கு இடம் பழக்கலாம். ஆற்றை யாராவது மீன் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களா என்று மட்டும் உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் வாதமே வேண்டாம். கெண்டைச் சதைக்குள் கவட்டை கவட்டையாக முள், சேற்றுத் தண்ணீர் மீனென்றால் மண்வாடை வேறு. மோரில் ஊறவைத்தாலும் என் வீட்டில் தொடமாட்டார்கள். குழம்புக்கு வரால்தான், நடுமுள் ஒன்றை எடுத்தால் குழந்தைக்கும் ஊட்டலாம். அதனால் கெண்டை பிடிக்கப் போன நாளில், திரும்பும் வழியில் சந்தையில் நின்று வரால் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன்.