நெக்பேண்டா, இயர்பட்ஸா? பெட்டியின் மேலுள்ள எண்களும் பேட்டரியின் ஆயுளும்

என்னிடமிருந்த இயர்பட்ஸின் பேட்டரி தேய்ந்து, மதியத்திற்குள் அணைந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. காதுக்கு ஒன்றாகத் தனித்தனியே செருகிக்கொள்ளும் இயர்பட்ஸையே மறுபடியும் வாங்குவதா, கழுத்தில் போட்டுக்கொள்ளும் நெக்பேண்டுக்கு மாறுவதா என்ற கேள்வி எழுந்தபோது, ஏறத்தாழ 2,000 ரூபாய் விலையில் இரு வகைகளிலும் கிடைக்கும் மாடல்களின் தொழில்நுட்ப விவரங்களை அருகருகே வைத்துப் பார்த்து நெக்பேண்டைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வைத் தீர்மானித்த எண் எது, பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாத எண்கள் எவை என்பதை விளக்க விரும்புகிறேன்.

வெளிப்படையான வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இயர்பட்ஸில் கம்பியே கிடையாது. சார்ஜ் ஏற்றும் பெட்டியோடு சட்டைப்பையில் அடங்கிவிடும். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டும் பேசலாம். நெக்பேண்ட் காதிலிருந்து நழுவினாலும் கழுத்திலேயே தொங்கும். மின்சார ரயிலில் நெரிசலில் ஏறி இறங்குபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

விவரப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது டிரைவரின் அளவு. 10 மி.மீ., 13 மி.மீ. என்று குறிப்பது ஒலியெழுப்பும் பகுதியின் விட்டத்தை. பெரிய டிரைவர் அதிகக் காற்றைத் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் காதுத் துவாரத்தை ரப்பர் முனை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது என்பதைப் பொறுத்தே பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி பெரிதும் அமைகிறது. சரியாகப் பொருந்திய 6 மி.மீ. டிரைவர், தளர்வாக உட்கார்ந்திருக்கும் 13 மி.மீ. டிரைவரைவிட நிறைவாக ஒலிக்கக்கூடும். அடுத்து வரும் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்பது மனிதக் காதால் கேட்க முடிந்த எல்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் அந்த எல்லை முழுவதும் ஒலிக்கிறது என்று சேர்த்துச் சொல்லாதவரை அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. 16 ஓம், 32 ஓம் என்ற மின்தடைக் கணக்கு, போனிலோ பிளேயரிலோ செருகும் கம்பி இயர்போனுக்கு முக்கியமானது. வயர்லெஸ் கருவியில் ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே, அந்த டிரைவருக்கேற்ப அமைக்கப்பட்டு வருவதால் வாங்குபவர் அதைப் பார்க்க வேண்டியதே இல்லை. இம்மூன்றிலும் இரு வகைக்கும் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது.

புளூடூத்தின் பதிப்பெண்ணும் ஏறக்குறைய அப்படித்தான். 2016 டிசம்பரில் வெளியான 5.0 பதிப்பின் இரு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம் என்ற பெருமைகள் 'லோ எனர்ஜி' எனப்படும் குறைமின் முறைக்கு உரியவை. நாம் கேட்கும் பாட்டு இன்னும் பெரும்பாலான கருவிகளில் பழைய 'கிளாசிக்' முறையிலேயே வந்து சேர்கிறது. அந்தக் குறைமின் முறையிலேயே ஒலியை அனுப்பும், 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்ஈ ஆடியோவும் அதனுடன் வந்த எல்சி3 கோடெக்கும் (கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறை) இதை மாற்றக்கூடியவை. ஆனால் 5.3 என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் எல்ஈ ஆடியோ இருக்கிறது என்று பொருளாகாது. அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும், போனிலும் அந்த வசதி இருக்க வேண்டும்.

கோடெக் விஷயத்தில் கையிலிருக்கும் போனைப் பொறுத்தே விடை மாறும். எஸ்பிசி எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக உண்டு. அதன் வழக்கமான உச்ச அளவு நொடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட். சோனியின் எல்டேக் 990 கிலோபிட் வரை செல்லும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் அது ஆண்ட்ராய்டிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவருக்கோ எஸ்பிசி, ஏஏசி இரண்டு மட்டுமே கிடைக்கும் என்பதால், எல்டேக் என்ற முத்திரைக்காக அவர் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை. பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: வழக்கமான புளூடூத்தில் அழைப்பு வந்து மைக் இயங்கத் தொடங்கியதும் இந்த இசைக் கோடெக்குகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஒலி பேச்சுக்கான குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். நாள் முழுவதும் அலுவலகக் கூட்டங்களில் பேசுபவருக்கு 990 என்ற எண்ணால் ஒரு நன்மையும் இல்லை.

ஏஎன்சி, ஈஎன்சி ஆகிய இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குபவர்கள் நிறைய. ஏஎன்சி என்பது நம் காதுக்குள் வரும் வெளி இரைச்சலை எதிரலை எழுப்பித் தணிப்பது. ஈஎன்சி என்பது நாம் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு நம் பக்கத்து இரைச்சல் கேட்காமல் மைக் வடிகட்டுவது. விலை மலிவான பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஈஎன்சிதான். ஏஎன்சிக்குச் சொல்லப்படும் டெசிபல் அளவும் பொதுவாகக் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் கிடைத்த உச்சமே தவிர, எல்லா ஒலிக்குமான சராசரி அன்று. ரயில் இன்ஜின், ஏசி, விமானம் போன்ற தாழ்ந்த, தொடர்ந்த இரைச்சலில் அது நன்றாக வேலை செய்யும். பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சில் அவ்வளவு பயன் தராது. இந்த அம்சத்தில் இயர்பட்ஸ் முன்னே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஏஎன்சி உள்ள மாடல்களின் தேர்வு அந்தப் பக்கம்தான் அதிகம்.

நீர்காப்புக் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்றால் எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். நடுவிலுள்ள 'எக்ஸ்', தூசிக் காப்புக்கு மதிப்பெண் தரப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை; உப்பு கலந்த வியர்வைக்கு அந்த உறுதி அப்படியே பொருந்தாது. இயர்பட்ஸ் வாங்கும்போது குறியீடு காதில் மாட்டும் பகுதிக்கு மட்டுமா, சார்ஜ் பெட்டிக்கும் சேர்த்தா என்று பார்க்க வேண்டும்.

இனி, என் தேர்வைத் தீர்மானித்த பேட்டரிக்கு வருகிறேன். இயர்பட்ஸ் பெட்டியில் '40 மணி நேரம்' என்று அச்சிட்டிருந்தால், அது சார்ஜ் பெட்டியில் பலமுறை வைத்து எடுத்த மொத்தக் கணக்கு. ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். 5 முதல் 8 மணி வரை என்பது வழக்கம். அதுவும் பாதி ஒலியளவில், ஏஎன்சியை அணைத்துவைத்து எடுத்த கணக்காக இருக்கலாம். ஒவ்வொரு காதிலும் இருப்பது ஏறத்தாழ 30 முதல் 60 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) கொண்ட மிகச்சிறிய செல். நெக்பேண்டில் இருப்பதோ 100-இலிருந்து 250 எம்ஏஎச் வரை. இதனால் ஒரே சார்ஜில் 20, 30 மணி நேரம் ஓடுவது நெக்பேண்டில் சாதாரணம்.

இது வெறும் வசதி சார்ந்த வேறுபாடாகத் தோன்றலாம். உண்மையில் இதுவே கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. லித்தியம் அயான் செல் சுமார் 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் (முழு கொள்ளளவையும் ஒருமுறை பயன்படுத்தித் தீர்ப்பது ஒரு சுற்று) பிறகு தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு இறங்கும் என்பது பொதுவான கணிப்பு. நாளொன்றுக்கு 5 மணி நேரம் கேட்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சார்ஜில் 5 மணி நேரம் ஓடும் இயர்பட்ஸுக்கு அது தினமும் ஒரு முழுச் சுற்று. 500 சுற்றுகள் ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். 25 மணி நேரம் ஓடும் நெக்பேண்டுக்கு அதே பயன்பாடு ஐந்தில் ஒரு சுற்றுதான். கணக்குப்படி 500 சுற்றுகள் தீர 2,500 நாட்கள் ஆகும். சும்மா இருந்தாலும் செல்லுக்கு வயதாகும் என்பதால் அத்தனை நாளும் அது உழைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் இடைவெளி மிகப் பெரியது. தேய்ந்த பிறகும் நிலைமை ஒன்றல்ல: 80 விழுக்காட்டில் 25 மணி 20 ஆகும், அன்றாட வாழ்வில் அது தெரியவே தெரியாது, 5 மணி 4 ஆகும்போது மதிய உணவுக்குப் பின் வரும் முதல் அழைப்பிலேயே தெரிந்துவிடும்.

சார்ஜ் பெட்டியும் தன் பங்குக்குச் செல்லைத் தேய்க்கிறது. காதிலிருந்து எடுத்ததும் பெட்டிக்குள் வைக்கிறோம். அது உடனே 100 விழுக்காட்டுக்கு ஏற்றி, அந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. முழு சார்ஜில் கிடப்பதும் வெப்பமும் லித்தியம் செல்லுக்கு ஆகாதவை. சென்னை வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். முழு அளவுக்கு ஏற்றுவதைத் தாமதப்படுத்தும் வசதியை ஆப்பிள் போன்ற சில நிறுவனங்கள் சில மாடல்களில் தருகின்றன என்றாலும், 2,000 ரூபாய் வகையில் அதை எதிர்பார்க்க முடியாது. மேலும், இயர்பட்ஸில் இடது, வலது, பெட்டி என மூன்று பேட்டரிகள். ஒரே காதில் மாட்டிப் பேசும் பழக்கமுள்ளவருக்கு அந்தப் பக்கம் முதலில் தேயும். ஒன்று போனால் ஜோடியே பயனற்றதுபோல் ஆகிவிடும்.

தேய்ந்த செல்லை மாற்ற முடியுமா என்பது அடுத்த கேள்வி. இயர்பட்ஸ் பலவற்றில் இருப்பது 1254 என்று எண்ணிட்ட பட்டன் செல் வகை. முதல் இரண்டு இலக்கங்கள் 12 மி.மீ. விட்டத்தையும், அடுத்தவை 5.4 மி.மீ. உயரத்தையும் குறிக்கும். செல் கிடைத்தாலும், பசையிட்டு மூடிய மேலோட்டைப் பிளந்து, மெல்லிய இணைப்புகளை அறுக்காமல் மாற்றி, மீண்டும் மூடுவது பெரும்பாலான கடைகளில் ஏற்றுக்கொள்ளாத வேலை. செய்தாலும் நீர்காப்பு போய்விடும். நெக்பேண்டில் பட்டன்கள் உள்ள தடித்த பகுதியையோ அதன் எதிர்ப்பக்கத்தையோ திறந்தால், சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகளோடு சாலிடர் செய்யப்பட்ட தட்டையான லித்தியம் பாலிமர் செல் தெரியும். அதன் மேல் 401230 என்பதுபோல ஓர் எண் இருக்கும்: 4.0 மி.மீ. தடிமன், 12 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர் அந்த எண்ணைப் படித்து, அந்த இடத்துக்குள் அடங்கும் அளவில் பாதுகாப்பு மின்சுற்றோடு கூடிய இன்னொரு செல்லை எடுத்து வைத்துவிடுகிறார். இங்கும் நீர்காப்பு பழையபடி இருக்காது. என்றாலும் கருவி தொடர்ந்து ஓடும்.

இயர்பட்ஸிலும் இதைச் செய்ய முடியாததில்லை. ஃபேர்போன் நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த ஃபேர்பட்ஸில் காதுப்பகுதியின் செல்லையும் பெட்டியின் செல்லையும் பயன்படுத்துபவரே மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரிகளை, சில விலக்குகள் நீங்கலாக, பயனரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த வடிவமைப்பு மலிவு விலை மாடல்களுக்கும் வந்துவிட்டால் நான் இங்கே போட்ட கணக்கு பெரிதும் மாறும்.

நெக்பேண்டின் பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். கம்பி காதுப்பகுதியோடு சேரும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோகும். ஒரு காதில் மட்டும் ஒலி விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆகவே வாங்கும்போது அந்தச் சந்திப்பில் ரப்பர் காப்பு தடிமனாக இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பார்ப்பது நல்லது. வியர்வை சார்ஜ் துளைக்குள் இறங்காதபடி இறுக்கமான மூடி இருக்க வேண்டும். டைப்-சி துளை இருந்தும், இரு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாத மலிவான மாடல்கள் இரு வகையிலும் உண்டு. துளையருகே இருக்க வேண்டிய இரண்டு சிறு மின்தடைகளை விட்டுவிடுவதால் நேர்வது இது. முடிந்தால் கடையிலேயே அத்தகைய கேபிளைச் செருகிப் பார்த்துவிடலாம்.

விலை உயர்ந்த இயர்பட்ஸை நான் நெடுநாள் வைத்திருந்ததில்லை. எனவே என் முடிவு 2,000 ரூபாயை ஒட்டிய வகைக்கும், நாளுக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் கேட்பவருக்கும் மட்டுமே பொருந்தும். அரை மணி நேர நடைப்பயிற்சியின்போது மட்டும் கேட்பவருக்குச் சுற்றுகள் மெதுவாகவே கூடும். அவருக்கு இயர்பட்ஸே வசதி. தலைசாய்த்துப் படுத்தபடி கேட்பவருக்கும், ஹெல்மெட், காலர் என்று கழுத்தில் இடமில்லாதவருக்கும் நெக்பேண்ட் ஒத்துவராது. மற்றவர்கள் எந்த வகையை எடுத்தாலும், கடைக்காரர் மொத்த மணி நேரத்தைச் சொல்லும்போது, ஒரு சார்ஜில் எவ்வளவு, உத்தரவாதத்தில் பேட்டரி அடங்குமா என்ற இரண்டையும் கேட்டு, இரண்டாவது விடை பில்லிலோ உத்தரவாத அட்டையிலோ எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கவும்.