ஷோவா காணொளிக் காப்பகம்: பயன்படுத்துவோர் கவனத்துக்கு

யூத இனப்படுகொலையில் (எபிரேயத்தில் ‘ஷோவா’) பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்ட ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கிய முயற்சி. இப்போது தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 50,000க்கும் மேற்பட்ட நேர்காணல்கள். ஆனால் அதன் அட்டவணைக்குத்தான் முதல் மதிப்பெண். பேச்சை ஒரு நிமிடத் துண்டுகளாகப் பிரித்து ஊர், முகாம், நிகழ்வு எனக் குறிச்சொல் இட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரப் பேச்சில் முகாமுக்கு ரயிலில் ஏற்றப்பட்டதைச் சொல்லும் இடத்துக்கு நேரே போய்விடலாம்.

ஊர்ப்பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். லெம்பெர்க், ல்வூஃப், ல்விவ் மூன்றும் இன்றைய உக்ரைனிலுள்ள ஒரு நகரத்தின் பெயர்கள்தான். ஆட்சி மாற மாறப் பெயரும் மாறியது. எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள்.

கிடைத்த துண்டை மட்டும் பார்த்து மேற்கோள் காட்டுவது ஆபத்து. முன்னும் பின்னும் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். கேள்வியாளர்களுக்குத் தரப்பட்ட திட்டப்படி, நேர்காணல் நேரத்தில் போருக்கு முந்தைய வாழ்வுக்கு 20 சதவீதம், போர்க்காலத்துக்கு 60, பிந்தைய வாழ்வுக்கு 20. மறுவாழ்வை ஆராய்பவருக்கு இது ஏமாற்றம்தான். கடைசியில் பழைய புகைப்படங்களைக் காட்டும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்; உறவுமுறைகள் பல சமயம் அங்கேதான் தெளிவாகும்.

வீட்டிலிருந்தே பெயரைப் பதிவு செய்து இலவசமாகப் பார்க்கக் கிடைப்பவை சில ஆயிரம் மட்டுமே. முழுத் தொகுப்புக்குச் சந்தா கட்டிய நூலகத்தைத் தேடித்தான் போக வேண்டும்.