கே.எல். (கேரள) நம்பர் பழைய டீசல் கார் வாங்கப் போகிறீர்களா? கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் கவனத்துக்கு

கேரள எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமிருந்து தினமும் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போய் வருகிறவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்று நம்பி ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். நான்கே மாதத்தில் ரிப்பேருக்கு மட்டும் 1,09,000 ரூபாய் போய்விட்டது. வண்டியில் என்ன கோளாறு என்று விற்றவருக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் என் தலையில் கட்டினார். இதை ஆதாரத்தோடுதான் எழுதுகிறேன்.

ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்கிறேன். இதே கணக்கை இந்தப் பக்கம் நிறையப் பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வேலை பீளமேட்டில். போக வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர், மாதம் 2,000. என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கொடுத்தது. 2023 ஏப்ரலில் கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) போட்டதிலிருந்து எல்லை தாண்டித் தமிழ்நாட்டு பங்கில்தான் நிரப்புகிறேன். அங்கே பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் பதினாலாயிரத்து ஐந்நூறு ஆகிறது. டீசல் 93, மைலேஜ் 20 என்று போட்டால் 9,300. மாதம் ஐயாயிரம் மிச்சம், வருடத்துக்கு அறுபதாயிரம். பெட்ரோல் காரை 1,60,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு லட்சத்து ஐந்தாயிரம் போட்டு டீசல் எடுத்தால் இரண்டு வருடத்துக்குள் போட்டது திரும்பிவிடும் என்று நானும் என் மனைவியும் நோட்டில் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

இந்தக் கணக்கு 2012-இல் சரியாக இருந்திருக்கும். அப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் வரை வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இப்போது டீசலில் மிச்சம் என்றால் முக்கால்வாசி மைலேஜில்தான். டீசலை அழுத்தி அனுப்புகிற பம்பும், அதை எஞ்சினுக்குள் தூவுகிற இன்ஜெக்டரும் நன்றாக இருந்தால்தான் அந்த மைலேஜ் வரும். பழைய வண்டியில் முதலில் போவதும் அவைதான்.

தமிழ்நாட்டுப் பக்கம் எல்லையை ஒட்டி ஒரு இடத்தில் கே.எல். நம்பர் வண்டிகளாக நிறுத்தி விற்கிறார் ஒருவர். இதற்குக் காரணம் இருக்கிறது. வேறு மாநில நம்பர் வண்டியைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கினால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), மறுபடியும் ரோட் டேக்ஸ், புது நம்பர் என்று இழுக்கும். அதனால் அங்கே அந்த வண்டிக்கு விலை கிடைக்காது. கேரள முகவரி உள்ள நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயர் மாற்றினால் போதும். "உங்களுக்குத்தாங்க இந்த விலை லாபம், எங்க ஊர்க்காரங்களுக்கு இது ஆகாதுங்க" என்று அவர் சொன்னது உண்மைதான். முதலில் ஒரு உண்மையைச் சொல்லி நம்ப வைத்துவிட்டார்.

2012 மாடல், கே.எல். 64, சாலக்குடிப் பதிவு. மீட்டரில் 92,400. விலை 2,65,000. வண்டி எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, வண்டியைச் செய்தவர்கள் மேல் தப்பு இல்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் போன் பண்ணிவிட்டுத்தான் போனேன். இரண்டு தடவையும் எஞ்சின் சூடாக இருந்தது. முதல் நாள், "இப்பத்தான் ஒருத்தர் ஓட்டிப் பாத்துட்டுப் போனாருங்க" என்றார். அடுத்த ஞாயிறு, "பேட்டரி இறங்கிடக்கூடாதுன்னு கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி வச்சேனுங்க" என்றார். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, புகை இல்லை. புதிதாக எடுத்த புகைச் சான்றிதழும் காட்டினார். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர்கள் புத்தம் புதிதாக இருந்தன. டிரைவர் சீட்டில் ஏறி இறங்குகிற பக்கம் மட்டும் நைந்து பஞ்சு தெரிந்தது. தொண்ணூறாயிரம் ஓடிய வண்டியில் சீட் அப்படித் தேயாது. பார்த்தேன், கேட்காமல் விட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை ஆறரைக்கு நான்கைந்து தடவை சாவியைத் திருப்பிய பிறகுதான் வண்டி கிளம்பியது. பின்னால் தென்னை மரம் மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை. 'டக் டக்' என்று அடிக்கிற சத்தம். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மார்கழிக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு 14 கொடுத்தது. இருபது எங்கே, பதினாலு எங்கே! பெட்ரோல் காரோடு பார்த்தால் மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய்தான் மிச்சம்.

பத்தொன்பதாவது நாள் இரவு, கோவையிலிருந்து திரும்பும்போது மதுக்கரை தாண்டி ஹைவேயில் எஞ்சின் விளக்கு எரிந்தது. அதோடு இழுவை போய்விட்டது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. வாளையாரை நோக்கி வரிசையாக லாரி வருகிற நேரம். பின்னால் வந்த டேங்கர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓரம் கட்டி, நான்கு விளக்கையும் போட்டுவிட்டு, ரிகவரி வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் ரோட்டோரமாக நின்றோம். பணம் போனது ஒரு பக்கம். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் முப்பது வருடமாக டீசல் வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் எதையும் கழற்றவில்லை. நான்கு இன்ஜெக்டரிலும் மிஞ்சின டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்ன் வாயில் மெல்லிய டியூப் மாட்டி, நான்கு சின்ன பாட்டிலில் விட்டு, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டார். நல்ல இன்ஜெக்டர் என்றால் நான்கு பாட்டிலிலும் ஒரே அளவாகக் கொஞ்சம்தான் சேர வேண்டும். இரண்டாவது பாட்டில் நிரம்பி வழிந்தது. நான்காவது முக்கால். உள்ளே அழுத்தத்தோடு நிற்க வேண்டிய டீசல் அப்படியே திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டீசல் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்த டீசலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்தார். ஜிகினா தூள் மாதிரி மின்னியது.

"பம்ப் தேஞ்சு இரும்புத் தூள் விட்டிருக்குது கண்ணு. இன்ஜெக்டர் மட்டும் மாத்துனா அதையும் இது தின்னுரும். எடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல" என்றார்.

காலையில் ஏன் புகை வந்தது என்பதையும் அவரே விளக்கினார். இன்ஜெக்டரின் நுனித் துளை (நாசில்) தேய்ந்தால் டீசல் பனி மாதிரித் தூவாமல் சொட்டாக விழும். குளிர்ந்த எஞ்சினில் அது சரியாக எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். எஞ்சின் சூடாகிவிட்டால் வெளியே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காக எஞ்சினைச் சூடுபண்ணி வைத்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

பம்ப், நான்கு இன்ஜெக்டர், ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் கொடுக்கிற குழாய்) சுத்தம், டேங்கை இறக்கிக் கழுவுவது, மாற்றிய இன்ஜெக்டர்களின் கோட் நம்பர்களை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் கோவையில் 78,400 ரூபாய். இன்ஜெக்டர்கள் புதிதல்ல, ரீகண்டிஷன் செய்தவை. நான்காவது மாதம் கிளட்ச், ஃப்ளைவீல் சேர்த்து 30,600. கிளட்ச் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே மெக்கானிக், "இது தொண்ணூறாயிரம் ஓடுன வண்டி இல்லை கண்ணு, சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோய் கம்பெனி சர்வீஸ்ல கேளு" என்றார்.

கேட்டேன். ஆர்.சி.யைக் காட்டியதும் பழைய விவரங்களை எடுத்துக் கொடுத்தார்கள். 2021 அக்டோபரில் அந்த வண்டி 1,87,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: ரெயில் அழுத்தம் குறைவு, இன்ஜெக்டர் மாற்றப் பரிந்துரை, வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்.

டேஷ்போர்டுக்குள் கிடந்த ஒரு பழைய பில்லில் முந்தைய உரிமையாளரின் நம்பர் இருந்தது. தயங்கித்தான் கூப்பிட்டேன். நல்ல மனிதர். "எல்லாம் பறஞ்ஞிட்டாணு வண்டி கொடுத்தது" என்றார். ஸ்டார்ட்டிங் கோளாறு, பம்ப் கோளாறு எல்லாம் எனக்கு விற்றவரிடம் சொல்லி, அதற்காகவே விலையைக் குறைத்து 95,000 ரூபாய்க்குக் கொடுத்தாராம். அவர் கொடுக்கும்போது மீட்டரில் இரண்டு லட்சம் தாண்டியிருந்ததாம்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும், நீங்க பாத்துத்தானே எடுத்தீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆனால் வாங்குவதற்கு முன் நான் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "ஒரிஜினல் கிலோமீட்டர், கேரண்டி" என்று அவரே டைப் செய்து அனுப்பியது என்னிடம் இருக்கிறது. பணத்தில் பாதிக்கு மேல் வங்கி வழியாகக் கொடுத்ததும் நல்லதாய்ப் போயிற்று.

இதில் மாட்டியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கடை தமிழ்நாட்டில், நாம் கேரளத்தில், எங்கே போய் வழக்குப் போடுவது என்றுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் பாலக்காட்டில் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

2012 மாடல் என்றால் 2027-இல் பதினைந்து வருடம் முடிந்து மறுபதிவு வருகிறது. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளுக்குக் கேரளத்தில் 2025 பட்ஜெட்டில் வரியையும் ஐம்பது சதவீதம் ஏற்றிவிட்டார்கள். விலை பேசும்போது இதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். அதே இடத்தில் இன்னும் மூன்று கே.எல். வண்டிகள் நிற்கின்றன, மூன்றும் டீசல் ஹேட்ச்பேக். கண்ணாடியில் கிலோமீட்டரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து போன் பண்ணிவிட்டுப் போகாதீர்கள். காலை ஏழு மணிக்குள் போங்கள். சாவியைத் தொடும் முன் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்திருந்தால் ஒரு டீசல் மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள், நான்கு பாட்டில் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு எங்கள் மெக்கானிக் 500 ரூபாய்தான் வாங்குகிறார்.