கடையில் கிடைக்காத தோட்டாவுக்கு ஒரு ரைஃபிள்

சொல்லிச் செய்யவைத்த இந்த வேட்டை ரைஃபிளுக்கு மொத்தச் செலவு 2,140 டாலர். மூன்று மாதம் என்று சொல்லி எட்டு மாதம் இழுத்தடித்தார்கள் கடைக்காரர்கள். "ஏங்க, இருக்கிற துப்பாக்கி சுடலையா?" என்று வீட்டில் கேட்டாள். நன்றாகவே சுடுகிறது. இந்தக் காசுக்கு, எங்கும் கிடைக்கும் .243 தோட்டாவைச் சுடும் துப்பாக்கியிலேயே மூன்று வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனாலும் எனக்கு .257 ராபர்ட்ஸ் என்ற பழைய தோட்டாவைச் சுடுவதுதான் வேண்டியிருந்தது.

ஜெர்மன்காரர்களின் 7×57 மௌசர் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, கால் அங்குலத்துக்குச் சற்றே பெரிய குண்டு மாட்டினால் அதுதான் இது. நெட் ராபர்ட்ஸ் என்பவரின் யோசனை. 1934-ல் ரெமிங்டன் கடைக்குக் கொண்டுவந்தது. இங்கே டெக்சஸில் பழைய ஆட்கள் செல்லமாக 'பாப்' என்பார்கள். மானுக்கு அளவான அடி, தோளில் உதை குறைவு. 1955-ல் .243 வின்செஸ்டர் வந்ததும் பாப்பைச் சீண்ட ஆளில்லை.

என்னைக் கேட்டால் பாப்பின் மேல் தப்பே இல்லை. வலுக் குறைந்த பழைய மௌசர் ரைஃபிள்களிலும் யாராவது போட்டுச் சுட்டுவிடுவார்களோ என்று பயந்து கம்பெனிக்காரர்கள் அழுத்தத்தைக் குறைத்தே அடைத்தார்கள். போதாததற்குத் தோட்டாவின் மொத்த நீளத்தை 2.775 அங்குலத்தில் நிறுத்திவிட்டார்கள். நீளமான 117 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டை அதற்குள் அடக்கினால் அதன் பின்பாதி பித்தளைக் கூட்டுக்குள் இறங்கி, பவுடருக்கான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆறடி ஆளை நாலடிக் கட்டிலில் படுக்க வைத்த கதை.

அதனால்தான் விஇசட் 24 என்ற பழைய ராணுவ ரைஃபிளின் ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் நடுப்பகுதி, வாங்கினேன். செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோவில் செய்த மௌசர் 98 வகை. மேகசின் உள்நீளம் சுமார் 3.3 அங்குலம், பாப் காலை நீட்டிப் படுக்கலாம். 8×57 தோட்டாவுக்காகச் செய்த ஆக்‌ஷன் என்பதால் அதே குடும்பத்துப் பாப் எந்த ராவல் வேலையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் ராணுவக் கைப்பிடியை வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கோப்பில் இடிக்கும். பழைய சேஃப்டிக்கும் அதே கதிதான், மாற்றியாக வேண்டும். ஸ்கோப் மாட்ட மேலே நாலு துளை. இதையெல்லாம் கன்ஸ்மித் அருமையாகச் செய்திருந்தார். கைப்பிடியைப் பற்றவைத்த இடம் விரலால் தடவினாலும் தெரியவில்லை. வால்நட் கட்டைக்குள் உலோகம் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் தச்சு தெரிந்தவர்கள் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார்கள்.

ஆனால் சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில், சொதப்பிவிட்டார்கள். கடையின் பெயர் வேண்டாம்.

சேம்பருக்கு முன்னால் குண்டின் மூக்கு நிற்கும் த்ரோட்டை நீளமாகக் கடைய வேண்டும் என்று ஆர்டரில் எழுதியே கொடுத்திருந்தேன். 2.95 அங்குலத்தில் ஒரு வெற்றுத் தோட்டாவும் செய்து அனுப்பினேன், மருந்தும் பிரைமரும் இல்லாமல், அளவுக்காக. ரைஃபிள் கைக்கு வந்த அன்று அதே நீளத்தில் இன்னொன்று செய்து உள்ளே விட்டேன். போல்ட் கடைசிக் கால் அங்குலத்தில் முரண்டு பிடித்தது. கொஞ்சம் அழுத்தி மூடித் திறந்தால் கூடு மட்டும் வெளியே வருகிறது, குண்டைக் காணோம்! பேரலுக்குள் சுருளாக ஓடும் ரைஃப்ளிங் வரிகளில் சிக்கி நிற்கிறது. கிளீனிங் ராடை முன்பக்கமாக விட்டு மெதுவாகத் தட்டி எடுத்தேன். குண்டைச் சுற்றி நகத்தால் கீறியதுபோல் ஆறு பளபளப்புக் கோடுகள். வேட்டைக்குப் போன இடத்தில் நிஜத் தோட்டாவுக்கு இது நடந்திருந்தால் பவுடர் மொத்தமும் மேகசினுக்குள் கொட்டியிருக்கும், அன்றைய பொழுதும் போயிருக்கும்.

போன் போட்டால், "வழக்கமான ரீமரில்தான் கடைந்தோம், யாரும் குறை சொன்னதில்லை" என்றார்கள். ரீமர் என்பது சேம்பரைக் கடையும் வெட்டுக்கருவி. நான் அனுப்பிய வெற்றுத் தோட்டா யாருடைய மேஜை டிராயரிலோ கிடந்திருக்கிறது. திருப்பி அனுப்பினேன். கூலி வாங்காமல் சரிசெய்தார்கள், சரி. ஐந்து வாரமும் அனுப்புகிற செலவும் என் தலையில்.

இப்போது எப்படி? 24 அங்குல பேரலில் 115 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 2,900 அடி வேகம் காட்டுகிறது. 1930-களின் கம்பெனித் தோட்டா 117 கிரெய்னுக்கு 2,650 என்றுதான் போட்டிருந்தது. 100 கஜத்தில் ஐந்து குண்டு ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுகிறது. என் கைக்கு இது போதும்.

தோட்டா கிடைப்பதுதான் தலைவலி. எங்கள் ஊர்க் கடைகளில் மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தேன். 7×57 பித்தளைக் கூடுகளை வாங்கி, பாப்புக்கான டையில், அதாவது அச்சில், ஒருமுறை அழுத்தினால் கழுத்து ஒடுங்கிவிடும். கூட்டின் நீளம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. கழுத்துச் சுவர் தடித்திருக்கிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள். அடியில் 7×57 என்றே பொறித்திருக்கும், ஆகவே தனி டப்பா, பெரிய எழுத்தில் லேபிள். கைத்தோட்டா செய்யும் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வராதீர்கள்.

போன மாதம் மலைப்பகுதிப் பண்ணை ஒன்றில் 140 கஜத்தில் ஒரே குண்டு, நாற்பது அடி ஓடி விழுந்தது. என்ன மான் என்கிறீர்கள்? நம்ம ஊர் புள்ளிமான்! 1932 வாக்கில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், பெருகிவிட்டது. லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தால் சீசன் பார்க்காமல் சுடலாம். மசினகுடி ரோட்டில் பஸ் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்கோப்புக்குள் அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் விரல் ஒரு கணம் தயங்கியது. பண்ணைக்காரருக்கு அது புல்லைத் தின்னும் தொல்லை. கறியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தோம்.

ரசீதில் இன்னும் 'ஸ்டாண்டர்ட் சேம்பர்' என்றே இருக்கிறது. அதைப் பேனாவால் அடித்து, புது அளவை எழுதி, வெற்றுத் தோட்டாவோடு சேர்த்து ரைஃபிள் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போகுமோ.